கிணறு, தொட்டி, நெல் அறை: உள்ளே போன ஆள் மயங்கியதைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மேட்டாங்காடு:
போன கோடையில் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் நடந்தது. கரண்ட் இல்லை, தண்ணீரும் அடியில் கிடந்தது. மேலே வைத்தால் உறியாது என்று டீசல் இன்ஜினைக் கயிறு கட்டி நடுத்திட்டில் இறக்கி ஓட்டினார்கள். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். ஓடிக்கொண்டே இருந்தது திடீரென்று நின்றுவிட்டது. டீசல் ஊற்ற மாமா கேனோடு இறங்கினார். திட்டில் கால் வைத்தவர் உட்கார்ந்தார். "என்ன மாமா?" என்று மேலிருந்து கேட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினார். அப்புறம் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

அவர் மகன் படியை நோக்கி ஓடினான். அடுத்த தோட்டத்தில் தூர் வாரிக்கொண்டிருந்த கிரேன்காரர் சத்தம் கேட்டு வந்தவர், அவனை இடுப்போடு பிடித்துத் தரையில் தள்ளி, அவன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "உடுடா, எங்கப்பன்டா" என்று அவன் அடிக்கிறான், கடிக்கிறான். அந்த மனிதர் நகரவே இல்லை. "101க்குப் போடுங்க, ஒருத்தனும் எறங்காதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அவரை அறைந்தார்கள், அப்போதும் எழுந்திருக்கவில்லை. தீயணைப்பு வண்டி வந்து, முதுகில் சிலிண்டர் மாட்டியவர் இறங்கித்தான் மாமாவை எடுத்தார். உயிர் இல்லை. விஷவாயு என்றார்கள்.

மகன் உயிரோடு இருக்கிறான். "அப்பவே எறங்கியிருந்தா அப்பனைத் தூக்கியிருப்பேன்" என்று இன்னும் சொல்கிறான். அந்தக் கிரேன்காரரை எங்கள் ஊரில் ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. எனக்கு இதுதான் ஆறவில்லை.

பழைய கமலை:
வருத்தமான செய்தி. ஆனால் தம்பி, இன்ஜினை உள்ளே வைத்து ஓட்டினால் புகைதான் ஆளைக் கொல்லும், அதற்கு விஷவாயு என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. எங்கள் காலத்தில் மூடிக் கிடந்த கிணற்றில் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் விடுவோம். அணைந்தால் இறங்க மாட்டோம். வேப்பங்கொத்தைக் கட்டி மேலும் கீழும் ஆட்டிக் காற்றைக் கலக்குவோம். ஒருமுறை பாதிக் கிணறு போகும் முன்பே விளக்கு பொசுக்கென்று அணைந்தது. இறங்கத் தயாராகக் கோவணம் கட்டி நின்ற ஆளின் முகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரிவதில்லை.

சேகோ பிட்டர்:
கமலை ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், விளக்கை நம்பி ஆளை இறக்காதீர்கள். நான் ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்க்கிறவன். கழிவுத் தொட்டி கழுவ வேண்டிய நாள். காலையில் மூடியைத் திறந்தபோது அழுகிய முட்டை வாடை குடலைப் பிடுங்கியது. தொட்டி விளிம்பிலேயே குனிந்து நின்ற பையன் கொஞ்ச நேரத்தில், "அண்ணா, வாடை போயிடுச்சு, எறங்கட்டுமா?" என்றான். பத்தடி தள்ளி நின்ற எனக்கு அப்போதும் வாடை அடித்தது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்து மர நிழலில் உட்கார வைத்தோம். வாந்தி எடுத்தான், பிழைத்துக்கொண்டான். வாடை எங்கேயும் போகவில்லை. அவன் மூக்குதான் செத்துப்போயிருந்தது. அந்த வாடை அடிக்கும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) அளவுக்கு வந்தால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும்.

இப்போது விளக்கு விஷயம். நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனால் ஆள் இறங்கக் கூடாது என்பது தொழிற்சாலைக் கணக்கு. தீ அணைவதோ சுமார் 16க்கு வந்த பிறகுதான். இடையில் உள்ளதை விளக்கு சொல்லாது. இன்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. அது ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் விளக்கு ஜம்மென்று எரியும். சாண எரிவாயுத் தொட்டியில் விளக்கை விட்டாலோ மீத்தேன் தீப்பிடித்து உங்கள் முகத்துக்கே வரும். வேப்பங்கொத்து ஆட்டுவதில் தப்பில்லை, அதுமட்டும் போதும் என்று நினைப்பதுதான் தப்பு.

செய்ய வேண்டியது: ப்ளோயரை மேலே, காற்று வரும் திசையில் வைத்து, குழாயை அடி வரைக்கும் விட்டு அரை மணி நேரமாவது காற்று அடியுங்கள். ஆள் உள்ளே இருக்கும்வரை நிறுத்தாதீர்கள், சேற்றைக் கிளறினால் புதிதாக வாயு கிளம்பும். வாயு மீட்டர் கிடைத்தால் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்று இடத்திலும் பாருங்கள். இறங்கும் முன்பே ஆளுக்கு இடுப்புப் பட்டையும் கயிறும் கட்டிவிட வேண்டும், மயங்கிய பிறகு யார் போய்க் கட்டுவது? மேலே நிற்கிற ஆளுக்கு ஒரே வேலை, இறங்காமல் இருப்பது. தொழிற்சாலைச் சட்டம் 1948, பிரிவு 36லேயே தொட்டி, குழிகளில் ஆளை இறக்குவதற்கு விதி வைத்திருந்தது. தோட்டத்துக் கிணற்றுக்கு வந்து யார் பார்க்கப்போகிறார்கள்?

மேட்டாங்காடு அண்ணா, அந்தக் கிரேன்காரர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அமெரிக்காவில் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986லேயே எழுதிவிட்டது: இந்த மாதிரி இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள். அவர் இல்லையென்றால் உங்கள் ஊரில் அன்றைக்கு இரண்டு பாடை.

டெல்டா குறுவை:
நாங்கள் கிணறு இல்லை, நெல். வண்டு அடித்ததென்று அறையில் மூட்டைக்கு நடுவே மாத்திரை போட்டு, கதவு இடுக்கில் பேப்பர் ஒட்டி வைத்திருந்தோம். மறுநாள் பம்ப் சாவி உள்ளே மாட்டியிருக்கிறது என்று சித்தப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். ஒரு நிமிடம்தான். வெளியே வந்து, "பூண்டு நாத்தமா இருக்குடா" என்று சிரித்தார். ராத்திரி நெஞ்சை அடைக்கிறது என்று தஞ்சாவூருக்குக் கொண்டு ஓடினோம். மூன்று கிராம் மாத்திரை ஒன்று ஒரு கிராம் பாஸ்பீன் என்ற விஷவாயுவை விடும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். துண்டெல்லாம் அதற்கு ஒன்றுமே இல்லை. அந்தச் சாவி டூப்ளிகேட், ஒரிஜினல் வீட்டிலேயே இருந்தது.

காங்கேயத்துக்காரி:
எங்கள் வீட்டில் கோபர் கேஸ், டிரம் மிதக்கிற பழைய மாடல். டிரம் துருப்பிடித்தது என்று தூக்கிவிட்டு, மாமனார் தொட்டிக்குள் தலையை விட்டு எட்டிப் பார்த்தார். இறங்கக்கூட இல்லை. தலையில் கட்டியிருந்த துண்டு உள்ளே விழுந்தது, பின்னாலேயே அவரும் சரிந்தார். வேட்டியைப் பிடித்து இழுத்தேன். வேட்டி தனியாக வந்துவிட்டது, ஆனால் அதற்குள் என் வீட்டுக்காரர் கையில் அவர் கால் சிக்கியது. பிழைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வேட்டியில்லாம யாரெல்லாம் பாத்தாங்க?"

சேகோ தம்பி, மீட்டர், ப்ளோயர் என்று அடுக்கிவிட்டீர்கள். தோட்டத்தில் இருப்பது முதுகில் மாட்டும் பெட்ரோல் ஸ்பிரேயர். அதில் காற்று அடித்தால் ஆகாதா?

சேகோ பிட்டர்:
அக்கா, அதன் புகை வருவதும் காற்றை உறிவதும் ஒரே இடத்தில். மோனாக்சைடை நீங்களே பம்ப் அடித்து உள்ளே அனுப்புவீர்கள். கரண்டில் ஓடுகிற ப்ளோயர் வாடகைக்குக் கேளுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள், ஒரு பொறி பட்டால் துணியே பிடித்து எரியும்.

மேட்டாங்காடு:
பாறைக்குக் குழி போடுகிற டிராக்டர் கம்ப்ரசர் ஊர் ஊருக்கு இருக்கிறதே. அதன் ஹோஸை உள்ளே விட்டால்?

சேகோ பிட்டர்:
விடலாம். டிராக்டரைக் கிணற்று மேட்டில் நிறுத்தாமல் ஹோஸ் எட்டுகிற தூரத்துக்குத் தள்ளி நிறுத்தினால். ஆனால் அந்தக் காற்று பெரிய கிணற்றுக்குப் பத்தாது, நேரம் பிடிக்கும்.

பழைய கமலை:
விளக்கை விட்டு நாங்கள் எத்தனையோ கிணறு இறங்கினோம், ஒருத்தரும் சாகவில்லை.

காங்கேயத்துக்காரி:
செத்தவர்கள் இங்கே வந்து எழுத மாட்டார்கள், ஐயா.

பழைய கமலை:
சரி அம்மா, பெரியவன் ஆவணியில் தூர் வாரப் போகிறான். திருப்பூர் பக்கம் ப்ளோயர் எங்கே வாடகைக்குக் கிடைக்கும், ஒரு நாளைக்கு என்ன கேட்பார்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.