பேய் மின்னழுத்தமா, தொற்று மின்னழுத்தமா?

வணக்கம். நீளமான கேபிளில், எதனோடும் இணைக்காத கம்பியிலும் பக்கத்துக் கம்பியால் ஒரு மின்னழுத்தம் தோன்றும். ஆங்கிலத்தில் 'ghost voltage' எனப்படும் அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் வந்த இந்தக் கருத்துக்கு என் பதில் இது.

> ஆங்கிலத்தில் பேய் என்றுதானே சொல்கிறார்கள், நாமும் 'பேய் மின்னழுத்தம்' என்றே வைத்துவிடலாம். அது பிடிக்கவில்லையென்றால் 'போலி மின்னழுத்தம்'.

ஐயா, இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. இந்தச் சொல்லைக் கையில் எடுக்கப்போகிறவர் பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் எலெக்ட்ரீஷியன். பழுது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையாவது அந்தச் சொல் அவருக்குக் காட்ட வேண்டும். பேய் எதையும் காட்டாது. போலி என்பது தவறான பக்கம் காட்டும்.

தோட்டத்தில் அடிக்கடி வரும் ஒரு பழுதையே எடுத்துக்கொள்வோம். மேல்நிலைத் தொட்டியில் ஃப்ளோட் ஸ்விட்ச், 300 மீட்டர் தள்ளி மோட்டார் ரூமில் 230 வோல்ட் காயில் உள்ள சின்ன பிளக்-இன் ரிலே (காயிலில் மின்சாரம் வந்தால் காண்டாக்டைப் பிடித்து மோட்டாரை ஓடவிடும், நின்றால் விட்டுவிடும்). கேபிளின் ஒரு கோரில் பேஸ் போகிறது, இன்னொரு கோர் ஃப்ளோட்டிலிருந்து திரும்பி வந்து காயிலில் சேருகிறது, காயிலின் மறுமுனை அங்கேயே நியூட்ரலில். தொட்டி நிறைந்து ஃப்ளோட் திறந்துவிட்டது, ஆனால் ரிலே விடவில்லை, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது என்று ரிலேயை மாற்றுவார்கள், அப்புறம் ஃப்ளோட்டை மாற்றுவார்கள், பழுது அப்படியே இருக்கும். திரும்பி வரும் கோரைப் பேனலில் கழற்றினால் ரிலே உடனே விழும். மறுபடி மாட்டினால் தானாகப் பிடிக்காது. இந்தக் கடைசி அறிகுறியைக் கவனியுங்கள், இதுதான் கேபிளைக் காட்டிக்கொடுக்கிறது.

பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டு கம்பிகள் ஒரு மின்தேக்கி. கிலோமீட்டருக்கு 0.2 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் 300 மீட்டருக்கு 0.06. அதன் வழியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 4.3 மில்லியாம்பியர் போகும். அந்த ரிலே முழு அழுத்தத்தில் இழுப்பதே 5, 6 மில்லியாம்பியர்தான். இப்படிப்பட்ட ரிலேக்களில் பிடிப்பதற்கு முழு அழுத்தத்தில் 80 விழுக்காடு வரை வேண்டியிருக்கும், ஆனால் கட்டாயம் விட்டுவிடும் என்று சொல்லப்படும் அளவு 30 விழுக்காடு. பெரிய காண்டாக்டருக்கு (மோட்டாரையே நேரடியாக இயக்கும் பெரிய ரிலே போன்றது) ஐ.இ.சி. 60947-4-1 என்ற பன்னாட்டுத் தரம் சொல்வதும் இதே போக்குதான்: 85 விழுக்காட்டில் பிடிக்க வேண்டும், விடுவது 75-க்கும் 20-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். ஆக, அந்த 4.3 மில்லியாம்பியருக்குப் புதிதாகப் பிடிக்கவைக்கும் வலு கிடையாது, ஏற்கெனவே பிடித்திருப்பதை விடாமல் வைத்திருக்கும் வலு உண்டு. மோட்டாரை ஓட வைத்துத் தொட்டியை வழியவிடுகிற ஒன்றைப் போலி என்று எப்படிச் சொல்வது? 10 மெகாஓம் உள்மின்தடை உள்ள மல்டிமீட்டரில் 90 வோல்ட் காட்டி, டெஸ்ட் லாம்ப் வைத்தால் மினுக்கென்றுகூட எரியாத இடத்தை மட்டும் பார்ப்பவருக்குத்தான் போலி என்று தோன்றும்.

'தூண்டு மின்னழுத்தம்' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். இலக்கணப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலிலேயே தூண்டல் என்றால் மின்காந்தத் தூண்டல், அதாவது மாறும் காந்தப்புலம், என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டது. நம் பழுதுக்குப் பக்கத்துக் கம்பியில் மின்னோட்டமே ஓட வேண்டியதில்லை, மின்னழுத்தம் இருந்தாலே போதும். தூண்டல் என்று படித்தவர் பக்கத்துக் கேபிளில் என்ன லோடு ஓடுகிறது என்று தேடிப்போவார்.

'கசிவு மின்னழுத்தம்' இன்னும் சிக்கல். கசிவு என்றால் இன்சுலேஷன் போய்விட்டது என்று பொருள். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கரைப் போட்டுப் பார்ப்பார், கேபிள் நன்றாக இருக்கிறது என்று வரும், ஏனென்றால் மெக்கர் டிசி, மின்தேக்கம் அதில் தெரியாது. நல்ல கேபிளில் இல்லாத ஓட்டையைத் தேட வைத்துவிடும் இந்தச் சொல்.

களத்தில் நம்மவர்கள் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே சொல் வைத்திருக்கிறார்கள்: 'ரிட்டன் வருது'. நியூட்ரல் எங்கோ அறுந்து, வேறொரு லோடு வழியாகப் பேஸ் திரும்பி வந்தாலும் ரிட்டன், மழையில் நனைந்த ஜாயின்ட் கசிந்தாலும் ரிட்டன், நீளமான கேபிளில் மின்தேக்கத்தால் வந்தாலும் ரிட்டன். மூன்றிலும் டெஸ்டர் எரியும், அதனால்தான் ஒரே பெயர். ஆனால் மருந்து வேறு வேறு. முதலாவதில் அறுந்த நியூட்ரலைக் கண்டுபிடிக்க வேண்டும், இரண்டாவதில் ஜாயின்ட்டைச் சரிசெய்ய வேண்டும், மூன்றாவதில் கேபிளில் ஒரு குறையும் இல்லை, சர்க்யூட்டைத்தான் மாற்ற வேண்டும். ரிட்டன், கசிவு இரண்டையும் முதல் இரண்டுக்கே வைத்துக்கொள்வோம், நமக்கு வேண்டியது மூன்றாவதற்கான சொல்.

அதற்கு 'தொற்று மின்னழுத்தம்' என்று முன்வைக்கிறேன். பக்கத்துக் கம்பியிலிருந்து தொற்றிக்கொண்டது என்று பொருள் தானாகவே விளங்கும். தொற்று என்றால் நோய்தான் நினைவுக்கு வரும் என்று மறுப்பு வரும், தெரியும். ஓடும் பேருந்தின் படியில் ஒருவர் தொற்றிக்கொண்டு வருகிறார் என்றும் நாம் தினமும் சொல்கிறோம், அங்கே நோய் இல்லை. இன்னொரு வசதியும் உண்டு: 'கம்பி ஏ-யிலிருந்து கம்பி பி-க்கு எவ்வளவு தொற்றுகிறது' என்று வினையாகவும் எழுதலாம். பேயை வைத்து அப்படி எழுத வழியில்லை.

இதோடு சேர்த்துத் தேவைப்படும் இன்னும் இரண்டு சொற்கள் பட்டறையிலேயே கிடைக்கின்றன. 'காயில் பிடிக்கல', 'காயில் விடமாட்டேங்குது' என்பதுதான் அங்கே பேச்சு. எனவே பிடி மின்னழுத்தம், விடு மின்னழுத்தம். 'செயலேற்பு மின்னழுத்தம்', 'செயலிழப்பு மின்னழுத்தம்' என்று போன வாரம் வந்தவை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தால்தான் புரிகின்றன, அதிலும் செயலிழப்பு என்றால் ரிலே கெட்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு: 'தொற்று மின்னழுத்தம் – மின்னழுத்தம் உள்ள கம்பியோடு அருகே ஓடும், இணைப்பற்ற கம்பியில் மின்தேக்கத்தால் தோன்றுவது. மாறுதிசை மின்சாரத்தில் மட்டும் நிலைத்து நிற்கும். கேபிள் நீளமும் கட்டுப்பாட்டு மின்னழுத்தமும் கூடக்கூடத் தொல்லை கூடும்.' கடைசி வரியை வெட்டிவிட வேண்டாம். அதே விஏ (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு) உள்ள காயிலுக்குத் தாங்கும் கேபிள் நீளம் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும், 230-லிருந்து 110 வோல்ட்டுக்கு இறங்கினால் நான்கு மடங்குக்கு மேல் நீளம் கிடைக்கும். நம் ஊர் மூன்று பேஸ் ஸ்டார்ட்டர்களில் காயிலே 415 வோல்ட்டில் இருப்பது சாதாரணம் என்பதால் இது நமக்கு இன்னும் முக்கியம். (அந்தப் பேனல்களில் டெஸ்ட் லாம்ப் வைப்பவர்கள் இரண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் வைக்க வேண்டும், ஒற்றை 230 வோல்ட் பல்பு வெடித்துவிடும்.)

காயிலுக்கு இணையாகப் போடும் மின்தடைக்கு இன்னும் சொல் முடிவாகவில்லை. மேலே சொன்ன தொட்டிக்கு 10 கிலோஓம் போட்டால், 4.3 மில்லியாம்பியர் முழுவதும் அதன் வழியே போனாலும் 43 வோல்ட்தான் நிற்கும், 30 விழுக்காடான 69-க்குக் கீழே வந்துவிடும், ரிலே விட்டுவிடும். ரிலே ஓடும்போது அதில் 5.3 வாட் சூடாகும், 10 வாட்டுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். தொற்றியதை வடித்துவிடுவதால் 'வடி மின்தடை' என்று எழுதிவருகிறேன். வடிகட்டி என்பது ஃபில்டருக்குப் போய்விட்டதால் குழப்பம் வருமா? எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள், அதைப் பார்த்துவிட்டு நான்கு சொல்லையும் சேர்த்தே அகராதிக்கு அனுப்பலாம்.