றிகர்: தமிழில் என்ன சொல்?

கல்முனையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவருக்கான பாடக்குறிப்பைத் தமிழில் எழுதும்போது முதற் பக்கத்திலேயே ஒரு சொல் இடறுகிறது: றிகர் (rigger). பொருத்துநர் இருக்கிறார், உருக்கியொட்டுநர் இருக்கிறார். றிகருக்கு மட்டும் நிலைத்த சொல் இல்லை. சில மொழிபெயர்ப்புகளில் 'பாரந்தூக்குநர்' என்று போட்டிருக்கிறார்கள். அது பிழை என்பது என் உறுதியான எண்ணம்.

பாரத்தைத் தூக்குவது கிறேன். அதை ஓட்டுபவர் வேறொருவர். பாரத்தின் நிறை எவ்வளவு, புவியீர்ப்பு மையம் எங்கே, எத்தனை கால் (கொக்கியிலிருந்து பாரத்துக்கு இறங்கும் வடம் ஒவ்வொன்றும் ஒரு கால்) போடவேண்டும், எந்தத் தடிப்பில் வடம், எந்த அளவில் சக்கிள் (வடத்தைப் பாரத்தோடு இணைக்கும் இரும்பு வளையம்) என்று கணக்குப் பார்த்துப் பூட்டுபவர்தான் றிகர். பூட்டிய பின் நிலத்திலிருந்து பத்துச் சென்ரிமீற்றர் மட்டும் எழுப்பி நிறுத்துவார். ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்கச் சொல்லி மறுபடி பூட்டுவார். பாரத்தைக் கையால் தள்ளி நேராக்க விடமாட்டார்.

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலைக்கு 2 தொன் என்ஜின் ஒன்றை இறக்குவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கால் வடம். காலுக்கு 1 தொன் என்று நினைத்து 1 தொன் வடம் இரண்டை எடுத்தால், இரண்டும் நேர்செங்குத்தாகத் தொங்கும்போதுதான் அந்தக் கணக்குச் சரி. கால்கள் கிடையோடு 60 பாகையில் நின்றால் ஒவ்வொன்றிலும் இழுவை ஏறத்தாழ 1.15 தொன். 45 பாகையில் 1.41. கூரை உயரம் குறைவென்று கொக்கியைத் தாழ்த்தி 30 பாகைக்கு வந்தால் ஒவ்வொரு காலும் முழு 2 தொன்னையும் இழுக்கிறது. பாரம் கூடவில்லை, பூட்டிய முறைதான் மாறியது. இந்த அறிவைத் 'தூக்குதல்' என்ற சொல் மறைத்துவிடுகிறது.

'வடப்பூட்டுநர்' என்று முன்மொழிகிறேன். தேருக்கு வடம் என்கிறோம், மாட்டை வண்டியில் பூட்டுகிறோம். இரண்டும் நம் ஊரில் உயிரோடு இருக்கிற சொற்கள்.


வாழைச்சேனையிலிருந்து

ஐயா, 'பூட்டு' மிகப் பொருத்தம். மாடு பூட்டுபவனுக்கு நுகம் எங்கே அமரவேண்டும், எந்த மாடு இடம், எந்த மாடு வலம் என்று தெரிந்திருக்க வேண்டும். கட்டுவதற்கும் பூட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஆனால் 'வடப்பூட்டு' என்று எழுதினால் படிப்பவர் வடக்கு என்று எடுப்பார். வடமாகாணம், வடமுனை, வடப்பூட்டு! ஒற்றை விடாமல் 'வடம்பூட்டு' என்று வைத்தால் தேர் நினைவுக்கு வரும், திசை வராது. இலக்கணப்படி கேட்டால் 'வடத்தைப் பூட்டு' என்ற இரண்டாம் வேற்றுமைத் தொகை, பிழையில்லை.

இன்னொரு கேள்வி வரும்: சங்கிலியால் தூக்கினால், பெல்டால் தூக்கினால் அதுவும் வடமா? ஆம் என்பேன். தேர்வடம் சில கோயில்களில் சங்கிலியாகவும் இருக்கிறது, அதையும் வடம் என்றுதான் பிடிக்கிறோம். பாடக்குறிப்பில் கம்பிவடம், சங்கிலிவடம், பட்டைவடம் என்று மூன்றாகப் பிரிக்கலாம். மூன்றுக்கும் பாதுகாப்புக் காரணி (அறும் பாரம் அனுமதித்த பாரத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) வேறு என்பதையும் அங்கேயே எழுதுங்கள்: கம்பிவடத்துக்கு 5, சங்கிலிக்கு 4, பட்டைக்கு 7. பட்டையின் நிறத்துக்கும் பொருள் உண்டு. ஊதா 1 தொன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. எங்கள் கரையில் வெயில் நிறத்தைத் தின்றுவிடும், ஆகவே நிறத்தை நம்பாமல் தைத்திருக்கும் அட்டையை வாசிக்க வேண்டும். அட்டை இல்லாத பட்டையை வெட்டிப் போடுவதுதான் ஒழுங்கு. வெட்டாமல் மூலையில் வைத்தால் யாரோ ஒருவர் அவசரத்துக்கு எடுப்பார்.

கம்பிவடத்தைப் பற்றி ஒன்று கட்டாயம் சேருங்கள். நடுவில் நார்த்திரி உள்ள வடம் உப்புநீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே துத்தநாகப் பூச்சு மினுங்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். வடத்தை வளைத்து, புரிகளுக்கிடையில் (கம்பிகள் முறுகிய இழைகளுக்கிடையில்) கூர்முள் கருவியை நுழைத்துச் சற்றுத் திறந்து பார்க்கவேண்டும். செந்தூள் கொட்டினால் அது முடிந்த வடம். அறுந்த கம்பிகளை எண்ணுவதற்கும் அளவு உண்டு: ஒரு புரி முழுச்சுற்று வரும் நீளத்துக்குள் பத்துக் கம்பி பரவலாக அறுந்திருந்தால், அல்லது ஒரே புரியில் ஐந்து அறுந்திருந்தால், கழித்துவிட வேண்டும்.

வடத்தின் முனையை மடித்துக் கண்ணியாக்கிப் பிடிக்கும் கிளிப் போடுவதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. 12 மி.மீ. வடத்தில் கண்ணி மடிக்க மூன்று கிளிப், இடைவெளி வடத்தின் விட்டத்தைப்போல் ஆறு மடங்கு, அதாவது 7 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. கிளிப்பின் யூ வடிவப் போல்ட் வெட்டுமுனைப் பக்கம் அமர வேண்டும், அகன்ற அடிக்கட்டை பாரந்தாங்கும் பக்கம். மாற்றிப் போட்டால் யூ போல்ட் பாரந்தாங்கும் கம்பிகளையே நசுக்கும். சரியாகப் போட்டாலும் வடத்தின் வலுவில் எண்பது வீதம்தான் கிடைக்கும். முதற் பாரம் ஏற்றியதும் வடம் மெலியும், கிளிப் தளரும், நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். இதைச் செய்யாததால் கண்ணி உருவிக்கொண்டு போவது உண்டு.


ஒலுவிலிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும்.

வாழைச்சேனை அண்ணன் சொன்ன கணக்குகள் அத்தனையும் சரி. ஆனால் புதுச்சொல் தேடுமுன் பழைய சொல் ஒன்றைப் பாருங்கள்: கலாசி. இந்துமாக்கடலில் கப்பலோட்டியவர்களின் சொல். கேரளத்துப் பேப்பூரில் உரு என்னும் மரக்கப்பல்களைக் கடலில் இறக்கும் மாப்பிளை முஸ்லிம் கலாசிகள், கப்பியும் வடமும் உருளைக்கட்டையும் கொண்டே வேலை செய்பவர்கள். 1988 ஜூலை 8இல் கேரளத்தின் பெருமண்ணில் அஷ்டமுடிக் காயலுக்குள் ரயில் விழுந்தபோது பெட்டிகளை மேலே எடுக்க அவர்கள் கைகொடுத்தார்கள். கப்பல் வேலையும் பார வேலையும் ஒரே கையில் இருந்தன என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. 'இறக்கு' என்பதற்குக் கப்பலாட்கள் 'ஆரியா' என்றார்கள், அது போர்த்துக்கீசம் வழி வந்தது. இந்தத் தொழிலின் சொற்கள் பல கடல்வழி வந்தவை, கலாசியும் அப்படி வரட்டும்.

கப்பிக்கு மாற்றுச்சொல் தேடவேண்டாம். பள்ளிப் புத்தகத்திலும் கப்பி, தோணியிலும் கப்பி. ஆனால் பள்ளிக் கணக்கில் உராய்வை விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். நான்கு சக்கரம் சுற்றி, அசையும் கட்டையில் நான்கு கயிறு தாங்கும் கப்பித்தொகுதியில் 1 தொன் தூக்க கால் தொன் இழுத்தால் போதும் என்று புத்தகம் சொல்லும். வேலையில், சக்கரம் ஒன்றுக்குப் பாரத்தின் பத்திலொரு பங்கை உராய்வாகக் கூட்ட வேண்டும். ஆக 1.4 தொன்னை நாலால் பிரித்து 350 கிலோ. இழுக்கும் ஆட்களையும் நங்கூரம் போட்ட முளையையும் இந்த 350க்கே கணக்குப் பார்க்க வேண்டும். மணலில் அடித்த முளை 250க்குப் பிடித்து 350க்கு உருவும்.


மட்டக்களப்பு நகரிலிருந்து

காக்கா, கலாசி அழகான சொல்தான். ஆனால் அது ஆளைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. 'கலாசித்தல்' என்று வினையாக்க முடியாது. றிகர், றிக்கிங், றிக் பண்ணினேன் என்று மூன்று இடத்திலும் வரக்கூடிய வேர் வேண்டும். வடம்பூட்டுநர், வடம்பூட்டு, வடம்பூட்டினேன் என்று வருகிறது. கலாசியை வரலாற்றுச் சொல்லாகக் குறிப்பில் வைக்கலாம்.

என் தடை வேறு. விமானத்திலும் றிக்கிங் உண்டு, அந்த வான்கல வேலைக்கு 'வடம்பூட்டு' பொருந்தவில்லை. விமானத்தின் கட்டுப்பாட்டு வடம் சுட்டுவிரலை விட மெல்லியது. ஏழு புரி, புரிக்கு 19 கம்பி. பாரம் தூக்குவது அங்கே இல்லை. விமானி கையில் எவ்வளவு அசைத்தால் சிறகின் ஓரம் எவ்வளவு அசையும் என்பதைச் சீர்செய்வதுதான் வேலை.

செய்முறையைப் பாருங்கள். நெம்புகோலையும் அசையும் பரப்பையும் நடுநிலையில் வைத்துச் சீர்ப்பின் செருகிப் பூட்டுவார்கள். டேர்ன்பக்கிளை (வடத்தை இறுக்கும் திருகுக் குழலை) திருப்பி இழுவைமானி காட்டும் அளவுக்கு இறுக்குவார்கள். பின்னைக் கழற்றும்போது அது விரலால் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். இறுகிப்பிடித்தால் ஒரு பக்கம் இழுவை கூடியிருக்கிறது. பிறகு பரப்பு இருபுறமும் எத்தனை பாகை போகிறது என்று அளப்பார்கள். டேர்ன்பக்கிளின் குழலுக்கு வெளியே மூன்று மரைக்கு மேல் தெரியக்கூடாது. இறுதியில் பூட்டுக்கம்பி சுற்றுவார்கள். அதன் பின் வேலை செய்தவர் அல்லாத இன்னொருவர் முழுவதையும் மறுபடி பார்ப்பார். கைப்பிடியை இடப்பக்கம் சாய்த்தால் இடச்சிறகின் ஓரப்பரப்பு மேலே எழவேண்டும். வடங்கள் இரண்டும் மாறிப் பூட்டப்பட்டிருந்தால் இழுவை, பாகை எல்லாம் சரியாக இருக்கும், விமானம் மட்டும் எதிர்ப்பக்கம் சாயும்.

வெப்பமும் உண்டு. உடல் அலுமினியம், வடம் உருக்கு. அலுமினியம் உருக்கைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். ஆகவே சித்திரை வெயிலில் ஓடுபாதையில் நிற்கும் விமானத்தில் வடம் தானாகவே முறுகும். வெப்பநிலை அட்டவணை பார்க்காமல், விடியற்காலைக் குளிரில் எடுத்த அளவை நண்பகலுக்கு வைக்கக்கூடாது.

இது வீணையின் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பது போன்ற வேலை. அதனால் 'இசைப்பு' என்கிறேன். இசைத்தல் என்பதற்குப் பொருத்துதல், கட்டுதல் என்ற பழைய பொருளும் உண்டு.


கல்முனையிலிருந்து

மட்டக்களப்பு ரீச்சர் சொன்ன 'இசைப்பு' மனதில் நின்றுவிட்டது. வான்கலத்துக்கு மட்டும் அல்ல, கப்பலுக்கும் அது வேண்டும். பாய்க்கப்பலில் மரத்தை நிறுத்திப் பிடிக்கும் வடங்கள் ஒருவகை, பாயை ஏற்றி இறக்கும் வடங்கள் இன்னொரு வகை. முன்னதை 'நிலைவடம்', பின்னதை 'ஓடுவடம்' எனலாம். மரம் நேராக நிற்கும்படி நிலைவடங்களை இருபுறமும் ஒத்த இழுவைக்குக் கொண்டுவருவதும் இசைப்புத்தான். ஆக இரண்டு சொல் வைப்போம். வடத்தைப் பாரத்திலோ மரத்திலோ பொருத்துவது 'வடம்பூட்டு'. பூட்டிய வடத்தை உரிய இழுவைக்குக் கொண்டுவருவது 'இழுவை இசைப்பு'. இரண்டையும் செய்பவர் வடம்பூட்டுநர். வான்கலத் தொழிலுக்கு மட்டும் 'வான்கல இசைப்பாளர்' என்று தனியே வைக்கலாம்.

'யாப்பு', 'தளைஞர்' என்றும் இரண்டு முன்மொழிவுகள் தனியே வந்தன. யாப்பு என்றால் கட்டுவது, தளை என்றால் பிணைப்பது. தொழிற்சொற்களைச் செய்யுளியல் இப்படி எடுத்துக்கொண்டு தனதாக்கிவிட்டது, இனித் திரும்பக் கேட்டால் மாணவர் வெண்பா என்று நினைப்பார். ஆனால் 'தளை'யை ஒரு பொருளுக்கு மட்டும் மீட்கலாம்: சக்கிள். பட்டறையில் கூப்பிடும் சொல் குறுகியதாக இருக்கவேண்டும், தளை அப்படி இருக்கிறது. வளைந்து அகன்றது 'வில்தளை', D எழுத்துப்போல் ஒடுங்கியது 'டீத்தளை'. பல கால்களை ஒரே தளையில் சேர்ப்பதானால் வில்தளை. டீத்தளை நேர் இழுவைக்கு மட்டும். பக்கவாட்டில் இழுத்தால் அதன் கால்கள் விரியும்.


வாழைச்சேனையிலிருந்து

ஐயா, தளைக்கு என் சம்மதம். சக்கிளையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள், கடையில் கேட்கும் பெயர் அதுதான்.

இன்னும் ஒன்று முடியவில்லை: கோணம். முதற் கடிதத்தில் 60 பாகை என்றது கிடையிலிருந்து. ஐரோப்பாவிலிருந்து வரும் வடங்களின் அட்டையில் கோணம் நிலைக்குத்திலிருந்து எழுதியிருக்கும். அங்கே 0 முதல் 45 வரை ஒரு பாரம், 45 முதல் 60 வரை அதைவிடக் குறைந்த பாரம். அட்டையில் உள்ள 60 பாகை கிடையிலிருந்து பார்த்தால் 30, அதாவது மிக மோசமான நிலை. 'வடக்கோணம்' என்று ஒரே சொல் வைத்தால் ஒருவர் நல்லதென்று நினைக்கும் 60 மற்றவருக்கு ஆபத்து. 'கிடைக்கோணம்', 'நிலைக்கோணம்' என்று இரண்டாக வையுங்கள். தனியே 'கோணம்' என்று எங்கேயும் எழுதவேண்டாம்.

கோணமானி இல்லாத இடத்தில் அளக்கும் வழியையும் அந்தப் பதிவிலேயே போடுங்கள். பாரத்தில் இரண்டு பூட்டுப்புள்ளிகளுக்கும் இடையிலான தூரத்தை ஒரு காலின் நீளத்தோடு ஒப்பிட வேண்டும். தூரமும் காலும் சமமென்றால் கிடைக்கோணம் 60. தூரம் காலின் ஒன்றரை மடங்கை நெருங்கினால் 45க்குக் கீழே போய்விட்டது, நீளமான வடம் எடுக்கவேண்டும். வடத்தையே நிலத்தில் போட்டு அளந்தால் போதும்.