டார்ட்மூர் காட்டேஜ்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ரீடிங்வாசி:
போன அக்டோபர் ஹாஃப் டெர்ம் ஸ்கூல் லீவு. இங்கிலாந்தின் டெவனில் டார்ட்மூர், அங்கே போஸ்ட்பிரிட்ஜ் பக்கம் ஒரு கல் வீடு, ஒரு வாரம். சிக்னல் கிடையாது, சமையலுக்கு ரேபர்ன் அடுப்பு, பின்கதவைத் திறந்தால் மூர் என்கிற புல்லும் புதருமான மேட்டு வெளி. போனவர்களுக்கு இதெல்லாம் தெரியும். இரண்டாம் நாள் சாயங்காலம் நாலரை மணி இருக்கும், விறகு எடுக்கப் பின்பக்கம் போனேன். கேட்டுக்கு வெளியே ஒரு குட்டைக் குதிரை நின்றது, காலையில் பையன் கேரட் கொடுத்த அதே குதிரை. போட்டோ எடுக்கலாமென்று கேட்டைத் தாண்டினேன். அது கொஞ்சம் நகர்ந்தது, நானும் நகர்ந்தேன், திரும்பிப் பார்த்தால் வீட்டைக் காணோம். மூடுபனி இறங்கியதை நான் கவனிக்கவே இல்லை. நீட்டிய கை தெரிகிறது, அதற்கு அப்புறம் ஒன்றுமே இல்லை. கத்தினேன், பதில் இல்லை. பத்து நிமிடமோ அரை மணியோ, சுற்றிக்கொண்டே இருந்தேன்.

அப்போது வலப்பக்கம் குக்கர் விசில். எங்கள் குக்கர்தான், சந்தேகமே இல்லை, வெயிட் கோணலாக உட்காருவதால் முதலில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் கத்தும். அந்தத் திசையில் நடந்தேன், சத்தம் நின்றால் நானும் நின்றேன், அடுத்த விசிலுக்கு மறுபடி நடந்தேன். ஐந்தாவது விசிலில் கேட் கம்பி கையில் தட்டியது.

வீட்டில் துவரம்பருப்புக்கு மூன்று விசில்தான். அன்றைக்கும் மூன்றுதான் விட்டேன் என்று மனைவி சத்தியம் செய்கிறாள். நான் எண்ணியது ஐந்து. இந்தக் கணக்கு இன்னும் எனக்கு உதைக்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஏதாவது?

சும்மா_சுத்தி:
எனக்குப் பேயும் இல்லை பனியும் இல்லை, சந்துதான். வைடிகோம் தாண்டி, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கல்லும் மண்ணுமாய் வரப்பு, மேலே புதர், கார் அகலம்தான் ரோடு. எதிரே டிராக்டர். வாடகைக் கார், பின் சீட்டில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. நான் ரிவர்ஸ் எடுத்து இரண்டு முறை வரப்பில் இடித்ததும் டிராக்டர்காரர் இறங்கி வந்தார், எழுபது வயதாவது இருக்கும், என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி, ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, சரசரவென்று பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய் ஒதுங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, ‘தேர் யூ கோ, மை லவர்’ என்று இறங்கிவிட்டார். டெவனில் ஆணோ பெண்ணோ யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு அது தெரியாதே! “என்னடா சொல்லிட்டுப் போறான் அந்தக் கிழவன்?” என்று ஊர் போய்ச் சேரும்வரை கேட்டார்.

சிரித்துச் சிரித்து, அவருக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. மழையில் அவ்வளவு தூரம் மேட்டில் நடந்து போனார் டிராக்டருக்கு.

ஓஎல்28:
ரீடிங்வாசி சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், கூடுதலாகக் கேட்ட இரண்டு விசிலும் பறவை. கோல்டன் ப்ளோவர் என்ற உப்புக்கொத்தி குளிர்காலத்தை ஒட்டி அங்கே கூட்டமாக வரும், சோகமாக ஒற்றை விசில் அடிக்கும். அது கிடக்கட்டும், கேட்டைத் தாண்டும்போது டார்ச் இல்லை, காம்பஸ் இல்லை, வீட்டில் சொல்லவும் இல்லை! டார்ட்மூர் என்பது 954 சதுர கிலோமீட்டர், தேசியப் பூங்கா என்ற பெயரை நம்பி லால்பாக் மாதிரி நினைத்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல் 28 மேப்பை வாங்குங்கள், காகிதத்தில் வாங்குங்கள், குளிரில் போன் பேட்டரி எப்போது சாகும் என்று சொல்ல முடியாது. கிளம்பும் முன் ‘ரிஜிஸ்டர்’ என்று ஆங்கிலத்தில் அவசர உதவி எண் 999க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிவு செய்துகொண்டால், பேசுமளவு சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் சில சமயம் எஸ்எம்எஸ் போய்ச் சேரும். வடக்குப் பக்கம் ஓக்ஹாம்ப்டன், மெரிவேல், வில்ஸ்வர்தி மூன்றும் ராணுவம் சுடும் இடம், சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக் கூடாது, கீழே கிடக்கும் உலோகம் எதையும் தொடக் கூடாது. பளிச்சென்ற பச்சை தரையில் தெரிந்தால் கால் வைக்காதீர்கள், அது புல் இல்லை, சேற்றை மூடிய பாசி. வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி பாருங்கள். மூடுபனியில் மாட்டினால் சுற்றாமல் கற்சுவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

என் அனுபவம்: ஃபாக்ஸ் டார் மயர்ஸ் சேற்றில் முழங்கால்வரை இறங்கினேன். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை.

மீனா_ப்ளிமத்:
மேப் வாங்கு, காம்பஸ் வாங்கு என்கிறாரே, அந்தக் கேரட்டை யாருமே கேட்கவில்லையா? அந்தக் குதிரைகள் காட்டுக் குதிரைகள் இல்லை, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு, இலையுதிர் காலத்தில் வந்து ஓட்டிக்கொண்டு போய்க் கணக்குப் பார்ப்பார்கள். தீனி கொடுப்பது தடை. கொடுத்துப் பழக்கினால் காரைக் கண்டதும் ரோட்டுக்கு வரும்.

ஒரு ஜூன் மாதம் இரவு மூரைக் கடக்கும் பி3212 ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஹெட்லைட்டில் ரோட்டோரம் ஒரு குட்டி படுத்திருந்தது, பக்கத்தில் தாய். எங்களுக்கு முன்னால் யாரோ இடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் இறங்கியும் தாய் விலகவில்லை, குனிந்து மூக்கால் குட்டியின் வயிற்றைத் தள்ளியது, நிறுத்தியது, மறுபடி தள்ளியது. அங்கே வேகம் 40 மைல்தான், அதையே நான் இப்போது 25ல் ஓட்டுகிறேன், பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்தாலும்.

தேனிக்காரன்:
ஹவுண்ட் டார் பக்கத்தில் ஜேயின் சமாதி இருக்கிறதே, முச்சந்தியில் புல் மூடிய ஒரு மேடு. அனாதைப் பெண், தூக்கில் தொங்கியவள், சர்ச் மண்ணில் இடம் தராமல் ரோட்டில் புதைத்தார்கள் என்பது கதை. எப்போது போனாலும் புதுப் பூ இருக்கும். என் மாமியாருக்கு முழங்கால் வலி, காரிலேயே இருங்கள் அத்தை என்றேன். கதையைக் கேட்டவர் இறங்கி வந்து, முள் குத்தக் குத்த வேலியோரம் மஞ்சளாகப் பூத்திருந்த கோர்ஸ் பூவில் ஒரு கொத்து ஒடித்து வைத்துவிட்டு, “யார் பெத்த பொண்ணோ” என்றார். அவ்வளவுதான். காட்டேஜ் வரும்வரை யாரும் பேசவில்லை.

கொத்தமல்லி_அக்கா:
சாம்பார் தாளித்து ஸ்மோக் அலாரத்தை அலறவிட்டு, நைட்டியோடு பனியில் நின்ற பழைய பாவி நான், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். ரீடிங்வாசி தம்பி, ஓஎல்28 அண்ணன் சொல்கிற குருவி எல்லாம் இல்லை. ரேபர்ன் என்ன கேஸ் அடுப்பா, குமிழைத் திருப்பினால் அணைய? மேல்தட்டு சுட்டுக்கொண்டேதான் இருக்கும். உன் வீட்டம்மா மூன்று விசில் ஆனதும் குக்கரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் பையனைக் குளிப்பாட்டப் போயிருப்பாள். ஓரத்திலும் சூடு இருக்கும், அது பாட்டுக்கு இன்னும் இரண்டு அடித்திருக்கும். போய்க் கேள்.

ரீடிங்வாசி:
கேட்டேன் அக்கா. அடுப்பிலிருந்து இறக்கிக் கல் தரையில் வைத்தேன் என்கிறாள். ஓஎல்28 சார், குக்கருக்கும் குருவிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். மீனா, கேரட் விஷயத்தில் தப்பு எங்களுடையதுதான், பையனிடம் சொல்லிவிட்டேன்.

ஈஸ்டருக்கு அதே வீட்டை புக் செய்திருக்கிறோம். குக்கருக்குப் புது வெயிட் வாங்கலாமென்றாள், நான்தான் வேண்டாமென்றேன்.