தனி விமானமும் ரிட்டன் லோடும்

பீளமேட்டார்: தனி விமானங்கள் 2023ஆம் ஆண்டில் மட்டும் 1.56 கோடி டன் கரியமில வாயுவை வெளியிட்டதாகவும், 2019ஐ விட இது 46 விழுக்காடு கூடுதல் என்றும் 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. அவற்றின் பயணங்களில் ஏறத்தாழப் பாதி 500 கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்துக்கானவை என்பதுதான் என்னை உறுத்துகிறது. கோவையிலிருந்து சென்னைக்கு இருப்புப் பாதையில் அவ்வளவு தூரம்தான். வந்தே பாரத்தில் ஆறு மணி நேரத்தில் போய்விடலாம்.

திருப்பூர் ஏற்றுமதியாளர்: எரிபொருளால் உலகம் ஆண்டுதோறும் வெளியிடுவது சுமார் 3,700 கோடி டன், நீங்கள் சொல்வது அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நான் ஒரே ஒரு முறை, ஆர்டர் கைநழுவிப் போகவிருந்த நாளில், மூவரை உடன் அழைத்துக்கொண்டு வாடகை விமானத்தில் சென்றேன். அந்த ஆர்டரை நம்பித் தையல் கூடத்தில் எத்தனையோ குடும்பங்கள் இருந்தன.

நாமக்கல் லாரிக்காரர்: உலகக் கணக்கில் வகுத்தால் எதுவும் சிறிதாகத்தான் தெரியும், ஆள் கணக்கில் வகுத்துப் பாருங்கள். நடுத்தர ஜெட் மணிக்கு ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் எரிக்கிறது, அதிலிருந்து வருவது இரண்டரை டன் கரியமில வாயு. இந்தியர் ஒருவரின் ஓராண்டுச் சராசரியே இரண்டு டன் அளவுதான். டெல்லியில் சரக்கை இறக்கிய எங்கள் ஓட்டுநர்கள், காலியாகத் திரும்பினால் டீசல் காசுகூடத் தேறாது என்பதால், ரிட்டன் லோடு கிடைக்கும்வரை நாள்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். தனி விமானமோ முதலாளியை இறக்கிவிட்டு ஆளில்லாமல் திரும்புகிறது, அழைத்துவர மறுபடியும் வெறுமையாகப் போகிறது. நண்பரே, உங்கள் விமானம் கோவைக்கு எங்கிருந்து வந்தது?

திருப்பூர் ஏற்றுமதியாளர்: பெங்களூரிலிருந்து. அந்தத் தூரத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனி விமானங்களுக்கே தடை என்றால் ஏற்க மாட்டேன்.

பீளமேட்டார்: தடை வேண்டாம், செலவை ஏற்கட்டும். 2011 ஜனவரியில், நொய்யல் ஆற்றைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது திருப்பூரே முடிந்தது என்றார்கள். பட்டறைகள் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவை ஏற்றன, தொழிலும் நடக்கிறது. நொய்யலுக்கு வைத்த விதியை வானத்துக்கு வைக்கக் கூடாதா?

திருப்பூர் ஏற்றுமதியாளர்: பெரிய பட்டறைகள் தாங்கின, சிறியவை பல மீண்டும் திறக்கவே இல்லை. வரி விதித்தாலும் வாடகைக்கு எடுப்பவன் நின்றுவிடுவான், சொந்த விமானக்காரர் கட்டிவிட்டுப் பறப்பார்.

நாமக்கல் லாரிக்காரர்: அப்படியானால் முதலில் காலியாகப் பறக்கும் தூரத்துக்கு மட்டும் விதிக்கலாம். எங்களுக்கு அதைச் சட்டம் செய்யவில்லை, டீசல் விலையே செய்துவிட்டது.