புதுப்பிப்பு: சில தளங்கள் மட்டும் திறக்காத சிக்கல் தீர்ந்தது

போன வாரம் எழுதியிருந்தேன்: அலுவலகத்தில் 14 கணினிகள், லினக்ஸ் பெட்டி ஒன்றில் அன்பவுண்ட் ரிசால்வர் (தளப் பெயருக்கு ஐபி முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் மென்பொருள்), அதற்கு முன்னால் ஃபயர்வால். பெரும்பாலான தளங்கள் திறக்கின்றன, சில மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கின்றன என்று.

காரணம் பிடிபட்டுவிட்டது. ரிசால்வர் பெட்டியிலிருந்தே, திறக்காத டொமைன் ஒன்றின் நேம்சர்வரிடம் (அந்தப் பெயரின் விவரங்களை வைத்திருக்கும் சர்வர்) டிஎன்எஸ்கீ பதிவை (கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் சாவி), டிஎன்எஸ் கேள்வி அனுப்பும் டிக் கட்டளையால் கேட்டேன். பதில் துண்டிக்கப்பட்டது, டிசிபியில் மறுபடி முயல்கிறேன் என்று ஒரு வரி வந்தது (யுடிபி, டிசிபி இரண்டும் தரவு அனுப்பும் முறைகள்). அப்புறம் டைம்அவுட்.

ஃபயர்வாலில் வெளியே போக யுடிபி 53 (53 என்பது டிஎன்எஸ்ஸுக்கான போர்ட்) மட்டும்தான் திறந்திருந்தது! சின்னப் பதில்கள் யுடிபியிலேயே வந்துவிடும். டிஎன்எஸ்செக் (பதில் போலியல்ல என்று உறுதிசெய்யும் முறை) கையொப்பங்களோடு பதில் பெருத்தால் டிசிபி வேண்டும். ‘டிஎன்எஸ்ஸுக்கு யுடிபி போதும்’ என்ற பழைய நம்பிக்கையை தயவுசெய்து விட்டுவிடுங்கள். 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7766 என்ற இணையத் தர ஆவணம் டிசிபி ஆதரவைக் கட்டாயமாக்கிவிட்டது.

டிசிபி 53-க்கு விதி சேர்த்தும் முதலில் பலனில்லை. எல்லாவற்றையும் தடுக்கும் விதிக்குக் கீழே போய் உட்கார்ந்திருந்தது. மேலே நகர்த்தியதும் அந்தத் தளங்கள் உடனே திறந்தன.

எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. பார்த்தேன், சரியாகவே இருந்தது.

இப்போது 53 வழியாக வெளியே போக ரிசால்வருக்கு மட்டுமே அனுமதி. கையால் 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) போட்டிருந்த 2 கணினிகள் உடனே நின்றன, அமைப்புகளைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபிக்கு மாற்றிவிட்டேன். பிரவுசர்கள் 443 (பாதுகாப்பான வலைத்தளங்களுக்கான போர்ட்) வழியாக அனுப்பும் டிஎன்எஸ்ஸை இன்னும் தொடவில்லை, அது அடுத்த வார வேலை.