ட்ரோன் காட்சி ஆடுகிறது: பறக்கும்போதே சரிசெய்வதா, எடிட்டிங்கில் பார்த்துக்கொள்வதா?

நாஞ்சில்_நிழல்:
ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளையும் பின்னால் இருக்கும் மலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். 249 கிராம் ட்ரோன், மூன்று அச்சு கிம்பல் (கேமராவை ஆடாமல் நேராகப் பிடிக்கும் மோட்டார் தாங்கி), 4கே, நொடிக்கு 25 ஃபிரேம். அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் பச்சை மண்டலம்தான் (பறக்கத் தடையில்லாத பகுதி), பார்த்துவிட்டேன். மூன்று பிரச்சினைகள். ட்ரோனைத் திருப்பும்போது காட்சி விட்டு விட்டு நகர்கிறது. அடிவானம் அவ்வப்போது ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்கிறது. பனைமரத்துக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நிறுத்தினால் மரம் மெல்ல ஊர்வதுபோல் தெரிகிறது. கிம்பல் காலிபிரேஷன் செய்தும் மாற்றமில்லை. எல்லாம் ஆடி மாதத்துப் பகலில் எடுத்தவை. எடிட்டிங்கில் சரியாகுமா?

கோவை_எஃப்பிவி:
ஆகும். 4கே-யில் எடுத்து 1080-இல் கொடுக்கிறீர்கள் என்றால் நான்கு பக்கமும் தாராளமாக இடம் இருக்கிறது. ஸ்டெபிலைசர் கொஞ்சம் வெட்டினாலும் தெரியாது. எஃப்பிவி ட்ரோனில் (ட்ரோனின் பார்வையிலேயே திரையில் பார்த்து ஓட்டுவது) எங்களுக்கு மூன்று அச்சு கிம்பலே கிடையாது. கேமராவை இறுக்கிக் கட்டிப் பறக்கிறோம், கைரோ (சுழற்சியை அளக்கும் சென்சார்) பதிவை வைத்து கைரோஃப்ளோ மென்பொருளில் நிலைப்படுத்துகிறோம். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்து வெளியே வருகிற காட்சியெல்லாம் அப்படித்தான் தண்ணீர்போல் ஓடுகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஷட்டர் வேகமாக இருக்க வேண்டும், என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

வேளிமலை:
கோவை நண்பர் சொல்வது அவருடைய ட்ரோனுக்குச் சரி. இந்த ட்ரோனுக்குப் பொருந்தாது. கைரோஃப்ளோ வேலை செய்ய, கைரோவும் கேமராவும் ஒன்றாக இறுகியிருக்க வேண்டும். கிம்பல் ட்ரோனில் உடல் ஒரு பக்கம் சாயும், கேமரா நேராக நிற்கும். உடலின் கைரோ பதிவை வைத்து என்ன செய்வது? மிஞ்சுவது படத்தைப் பார்த்தே நகர்வைக் கணக்கிடும் வார்ப் ஸ்டெபிலைசர் வகை மட்டும். ஃபிரேமில் பாதியைக் காற்றாலை இறக்கைகள் சுற்றிக்கொண்டு அடைத்திருந்தால், கேமரா ஆடுகிறதா இறக்கை சுற்றுகிறதா என்று அது குழம்பிவிடும். பின்னால் மலை ஜெல்லிபோல் நெளியும்.

நாஞ்சில் தம்பி, உங்கள் மூன்று பிரச்சினைகளுக்கும் காரணம் தனித்தனி.

பனைமரம் ஊர்வதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைத்தான் கிம்பல் கோளாறு என்று நினைத்துக் காசைச் செலவழிக்கிறார்கள். கிம்பல் கேமராவின் கோணத்தை மட்டும்தான் பிடித்துவைக்கும். ட்ரோனே அரை மீட்டர் இடம் மாறினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. டிஜேஐ மினி 2-வின் விவரக்குறிப்பைப் பாருங்கள்: ஜிபிஎஸ் மட்டும் இருக்கும்போது கிடைமட்டத்தில் 1.5 மீட்டர் வரை விலகலாம். தரையைப் பார்த்து நிலைகொள்ளும் சென்சார் சுமார் 10 மீட்டர் உயரம் வரைதான் உதவும். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலைக்கு ஒரு மீட்டர் பொருட்டே இல்லை. எட்டு மீட்டரில் நிற்கும் பனைக்கு அது பெரிய நகர்வு. அப்படி நகரும்போது மரமும் மலையும் வெவ்வேறு அளவில் நகர்வதால் எந்த மென்பொருளும் இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்த முடியாது. பக்கத்துப் பொருளை எடுக்கும்போது அந்தரத்தில் நிற்காதீர்கள். மிக மெதுவாக முன்னோக்கியோ மேல்நோக்கியோ போய்க்கொண்டே இருங்கள். சின்ன விலகல் அந்த ஓட்டத்தில் கரைந்துவிடும்.

அடிவானம் சாய்வதற்குக் காரணம் காற்று. எதிர்த்து நிற்க ட்ரோன் சாய்கிறது, கிம்பல் எதிர்ப்பக்கம் திரும்பி ஈடுகட்டுகிறது. அந்தத் திருப்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. பலத்த வீச்சு வந்தால் எல்லையைத் தொட்டு, படமே சாய்கிறது. இந்த எடை ட்ரோன்கள் தாங்குவது நொடிக்கு 10.5 மீட்டர் அளவுக் காற்று, மணிக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை நட்டதே காற்று அப்படி அடிப்பதால்தானே. தரையில் சும்மா இருப்பதுபோல் தோன்றினாலும் 80 மீட்டர் உயரத்தில் வேறு கதை.

கோவை_எஃப்பிவி:
கைரோ விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், கிம்பல் ட்ரோனுக்கு அது ஆகாது. ஆனால் அடிவானச் சாய்வை எடிட்டிங்கில் கீஃபிரேம் வைத்து (வேண்டிய இடங்களில் கோணத்தைக் குறித்து) திருப்பலாம், ஐந்து நிமிட வேலை. எல்லோருக்கும் காற்று நிற்கும்வரை காத்திருக்க நேரம் இருக்காது. வாடிக்கையாளர் பகல் 12 மணிக்குத்தான் இடத்துக்கு வருவார்.

வேளிமலை:
சாய்வை அப்படித் திருப்பலாம், மறுக்கவில்லை. முதல் பிரச்சினைக்கு என்ன செய்வீர்கள்? திரும்பும்போது விட்டு விட்டு நகர்வது ஆட்டமே இல்லை. நொடிக்கு 25 ஃபிரேமில் வேகமாகத் திருப்பினால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையே பொருள் எட்டித் தாவுகிறது. ஃபிரேமின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஒரு பொருள் போக ஏழு நொடியாவது ஆக வேண்டும் என்பது சினிமா ஒளிப்பதிவில் பழைய கணக்கு. சினி மோடில் (ட்ரோன் மெதுவாக நகரும் நிலை) போட்டு, திரும்பும் வேகத்தின் உச்சவரம்பைக் குறைத்து, யா (இடம் வலமாகத் திரும்புவது) மென்மையைக் கூட்டுங்கள். ஸ்டிக்கைக் கட்டைவிரல் நுனியால் மட்டும் தள்ளாமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். தொடங்குவதும் நிறுத்துவதும்தான் பார்ப்பவர் கண்ணில் படும்.

அதோடு ஷட்டர். எஃப்/2.8 லென்ஸில் ஐஎஸ்ஓ 100 வைத்தால் உச்சி வெயிலில் ஷட்டர் 1/3200 நொடி பக்கம் ஓடும். அந்த வேகத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் கத்திபோல் கூர்மை, அதனால் தாவல் இன்னும் தெரியும். என்டி64 (ஒளியை 64-இல் ஒரு பங்காக்கும் ஃபில்டர்) போட்டால் 1/50-க்கு இறங்கும், அசைவில் இயல்பான மங்கல் வரும். இதை எடிட்டிங்கில் செயற்கையாகச் சேர்த்தால் காற்றாலை இறக்கையின் ஓரமெல்லாம் பிசிறடிக்கும்.

கோவை_எஃப்பிவி:
இங்கேதான் நான் உடன்படவே மாட்டேன். காற்றில் 1/50 வைத்தால், கிம்பலையும் மீறி வருகிற சின்ன அதிர்வு ஃபிரேமுக்குள்ளேயே மங்கலாகப் பதிந்துவிடும். அப்புறம் நிலைப்படுத்தினால் படம் நிற்கும், ஆனால் மங்கல் மட்டும் துடிக்கும். அதைத் துடைக்க வழியே இல்லை. கூர்மையான ஃபிரேம் இருந்தால் பின்னால் எதுவும் செய்யலாம். இன்னொன்று, அளவு சரியில்லாத மலிவான ஃபில்டரை மாட்டினால் சின்னக் கிம்பலின் மோட்டார் திணறி ஓவர்லோடு எச்சரிக்கை வருகிறது. 249 கிராம் ட்ரோனில் அந்தக் கூடுதல் எடை சின்ன விஷயமில்லை.

வேளிமலை:
ஃபில்டர் அந்த மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், அதில் மறுபேச்சில்லை. காற்று இருக்கும் நாளில் என்டி32 போட்டு 1/100-இல் எடுக்கலாம், அதுவரை உங்களோடு வருகிறேன். ஃபில்டரே வேண்டாம் என்பதை ஏற்க முடியாது. அப்புறம், அதிர்வு படத்தில் தெரியும் அளவுக்கு இருந்தால் முதலில் புரொப்பெல்லரைப் பாருங்கள். ஓரத்தில் சின்னக் கீறல் இருந்தாலே சமநிலை கெட்டு, ரோலிங் ஷட்டரில் (ஃபிரேமை வரிவரியாகப் பதியும் முறை) படம் அலையடிக்கும். ஒரு செட் புரொப்பெல்லர் விலை ஒரு நாள் எடிட்டிங் கூலியைவிடக் குறைவு.

நாஞ்சில்_நிழல்:
நன்றி அண்ணே, கோவை நண்பருக்கும் நன்றி. ஒரு கேள்வி. ஆடி முடியக் காத்திருக்க முடியாது, இந்த வாரமே கொடுக்க வேண்டும். எப்படித் திட்டமிடுவது?

கோவை_எஃப்பிவி:
50 ஃபிரேமில் எடுத்துப் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். காற்றின் உதறல் பாதியாகத் தெரியும், திருப்பமும் மெதுவாகிவிடும். என் வழியில் உங்களுக்குப் பயன்படுவது இதுதான்.

வேளிமலை:
அது நல்ல யோசனை, செய்யுங்கள். ஷட்டர் அப்போது 1/100, ஆக என்டி32 சரியாக இருக்கும். விடிந்ததும் போய்விடுங்கள். பகலைவிடக் காற்று தணிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது என்பதால் என்டி8 கூடப் போதலாம். பக்கவாட்டுக் காற்றில் பறக்காமல் காற்றுக்கு நேர் எதிரே முகம் வைத்து, பின்னோக்கியோ முன்னோக்கியோ நகருங்கள். பக்கச் சாய்வைத் தாங்குவதைவிட முன்பின் சாய்வைத் தாங்கக் கிம்பலுக்கு இடம் அதிகம். திரும்பி வரும்போது எதிர்காற்று பேட்டரியைத் தின்னும், 40 சதவீதத்தில் இறக்கிவிடுங்கள்.