உலகக் கண்காட்சிக் கட்டட மாதிரிகளும் பிள்ளைகள் வரையும் எதிர்காலமும்: யோசனை தேவை

அரும்பு
வணக்கம். 4 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக ஒரு சிறு கண்காட்சி. ஒரு பாதியில் உலகக் கண்காட்சிக் கட்டடங்களின் மாதிரிகள், மறுபாதியில் பிள்ளைகளே வரைந்த எதிர்காலம். மூன்று சிக்கல்கள்:
1) பிரசெல்ஸ் அட்டோமியம் (1958), அதாவது உருண்டைகளைக் குழாய்களால் இணைத்த கட்டடம்: மாதிரிக்கு 20 குச்சிகளையும் ஒரே நீளத்தில் வெட்டினால் நடு உருண்டை பொருந்தவில்லை.
2) மான்ட்ரியால் கண்காட்சியின் (1967) அமெரிக்க அரங்கு போல, பிள்ளைகள் உள்ளே நுழையக்கூடிய ஒரு கூடாரம் செய்தித்தாளில் செய்ய முடியுமா?
3) ஓவியங்களில் பறக்கும் காரும் ரோபோவும் தவிர வேறொன்றும் வரவில்லை.

மரப்பட்டறை
அட்டோமியத்தில் இரண்டு நீளங்கள் உண்டு. அது இரும்புப் படிகத்தின் ஓர் அலகை 16,500 கோடி மடங்கு பெருக்கிய வடிவம். கனசதுரத்தின் மூலைகளில் 8 உருண்டை, நடுவில் ஒன்று. விளிம்புகளில் 12 குழாய், நடுவிலிருந்து மூலைகளுக்கு 8. நடுவிலிருந்து மூலைக்கு உள்ள தொலைவு விளிம்பின் நீளத்தில் 0.866 பங்குதான்.

உண்மையான உருண்டையின் விட்டம் 18 மீட்டர். 1:300 அளவில் 6 செ.மீ. தெர்மகோல் பந்து சரியாக வரும். இருபுறமும் 1.5 செ.மீ. உள்ளே செருகுவதையும் சேர்த்து 12 குச்சிகளை 12.6 செ.மீ., 8 குச்சிகளை 10.5 செ.மீ. வெட்டுங்கள். முதலில் அடிச்சதுரம், பிறகு நடுப் பந்து, அதன் பிறகு மேல். எல்லாம் சேரும் வரை பசை வேண்டாம். கடைசிக் குச்சியை ஒரு பந்துக்குள் ஆழமாகத் தள்ளி, எதிர்ப் பந்துக்கு நேரே கொண்டுவந்து பின்னுக்கு இழுத்தால்தான் இரண்டிலும் பிடிக்கும்.

பிறகு ஒரு மூலையில் நிமிர்த்துங்கள். கீழிருந்து 1, 3, 1, 3, 1 என்று அடுக்குகள் தெரியும், உயரம் 33 செ.மீ. அது தானாக நிற்காது. உண்மைக் கட்டடத்துக்கும் அதே கதி: முதல் வரைவில் தாங்குகால்கள் இல்லை, காற்றுச் சுரங்கச் சோதனையில் கவிழும் என்று தெரிந்தபின் சேர்த்தார்கள். கீழிருந்து இரண்டாம் அடுக்கின் மூன்று பந்துகளுக்கும் கவட்டைக் கால் கொடுங்கள். பிள்ளைகள் முன்னால் கால்களை எடுத்துவிட்டு ஒரு மேசைவிசிறியைப் போட்டுக் காட்டினால் விளக்கப் பலகையே வேண்டாம்.

முக்கோணம்
செய்யலாம். முக்கோணங்களாலான அரைக்கோளக் கூடாரத்துக்கு 65 தண்டுகள் வேண்டும். ஆரம் 110 செ.மீ. என்றால் குட்டைத் தண்டு 30 (60.1 செ.மீ.), நெட்டைத் தண்டு 35 (68 செ.மீ.). இவை துளைக்குத் துளை உள்ள அளவு. முனை தட்டையாக்க ஒவ்வொரு பக்கமும் 2.5 செ.மீ. கூட்டி வெட்டுங்கள். விரித்த பெரிய செய்தித்தாள் நாலைச் சேர்த்து, மூலையிலிருந்து குறுக்காக, இறுக்கமாகச் சுருட்டுங்கள். தளர்ந்த தண்டு நடுவில் மடங்கும், ஒன்று மடங்கினால் சுற்றியுள்ள முக்கோணங்களும் உள்வாங்கும்.

குட்டைக்குச் சிவப்பு, நெட்டைக்கு நீலம் என்று முனையில் வண்ணம் அடியுங்கள். அடிவளையம் 10 நீலம். அதன்மேல் எழும் முக்கோணங்கள் மாறிமாறி வரும்: ஒன்றுக்கு இரு சிவப்புப் பக்கங்கள், அடுத்ததற்கு இரு நீலம். ஐந்து தண்டுகள் சேரும் முடிச்சுகள் மொத்தம் 6, அவற்றில் சிவப்பு மட்டுமே சேரும். எங்காவது நீலம் கலந்தால் அங்கேயே பிரித்துவிடுங்கள், மேலே போனால் கடைசி முடிச்சு சேராது. முடிச்சுக்கு 6 மி.மீ. போல்ட், இருபுறமும் வாஷர்.

வாசலுக்கு முழு நீல முக்கோணம் ஒன்றைத் திறந்து விடுங்கள், குனிந்து நுழையலாம். வாசலின் அடித்தண்டை மட்டும் எடுக்காதீர்கள். அந்த வளையம்தான் கூடாரம் வெளிப்பக்கம் விரியாமல் இழுத்துப் பிடிக்கிறது.

பசைக்கு வெள்ளைப் பசை போதும். மைதாப் பசையில் பூச்சி வராதிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் இடத்தில் கூடவே கூடாது.

அரும்பு
மிக்க நன்றி. கூடாரத்தின்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தி உள்ளே விளக்கு வைக்கலாமா?

முக்கோணம்
வேண்டாம். பக்மின்ஸ்டர் ஃபுல்லர் வடிவமைத்த, 76 மீட்டர் விட்டமுள்ள அந்த அமெரிக்க அரங்கின் அக்ரிலிக் போர்வை 1976இல் ஒரே தீயில் போய்விட்டது, எஃகுச் சட்டம் மட்டும் நின்றது. அது இன்று அருங்காட்சியகம். உங்கள் சட்டமோ காகிதம். திறந்தே இருக்கட்டும், வெளிச்சம் வெளியிலிருந்து வரட்டும். விளக்கப் பலகையில் ஒரு வரி சேருங்கள்: மூல அரங்கு அரைக்கோளம் அல்ல, 62 மீட்டர் உயரம், ஏறக்குறைய முக்கால் கோளம்.

வண்ணப்பெட்டி
ஓவியத்துக்கு வருகிறேன். கேள்வி அகலமாக இருப்பதால்தான் பறக்கும் கார் வருகிறது. 1939 நியூயார்க் கண்காட்சியில் வடிவமைப்பாளர் நார்மன் பெல் கெடஸ் அமைத்த ‘ஃபியூச்சராமா’ என்ற மாதிரிக் காட்சி 1960 என்று ஆண்டைக் குறித்துக்கொண்டு, சாலையும் நகரமும் எப்படி இருக்கும் என்று காட்டியது. நீங்களும் ஆண்டு, இடம், ஒரு வேலை மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். “2060, அடைமழை. உன் தெருத் தண்ணீர் எங்கே போகிறது?” “பாட்டி மூன்றாம் மாடிக்கு எப்படிப் போகிறார்?” வீட்டைக் குறுக்கே வெட்டினாற்போல வரையச் சொன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று யோசித்தே ஆக வேண்டும்.

வரைவதற்குமுன் ஆளுக்கு 12 காலித் தீப்பெட்டி கொடுங்கள். அதே மான்ட்ரியால் கண்காட்சியில் கட்டடக் கலைஞர் மோஷே சாஃப்டியின் ‘ஹாபிடாட் 67’ 354 கான்கிரீட் பெட்டிகளை அடுக்கிய குடியிருப்பு, ஒருவர் கூரை இன்னொருவர் தோட்டம். ஒவ்வொரு பெட்டிக்கும் திறந்த மாடி கிடைக்கும்படி அடுக்கச் சொல்லுங்கள். நேராக அடுக்கினால் மேல் பெட்டிக்கு மட்டுமே மாடி, நகர்த்தினால் சாயும். அந்த இழுபறிக்குப் பிறகு வரும் ஓவியங்கள் வேறு மாதிரி இருக்கும்.

ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 110 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். செல்லோடேப் தாளைக் கிழிக்கும், சணல் கயிற்றில் கிளிப் போதும். ஸ்கெட்ச் பேனா நிறம் வெயிலில் மங்கும், ஜன்னலோரம் மாட்டாதீர்கள். கீழே ஆசிரியரின் விளக்கம் வேண்டாம். பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே, பிழை திருத்தாமல் எழுதி ஒட்டுங்கள்.